இரண்டு கைப்பிடி மஞ்சள்தூள்

அப்பாவைத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் காலை, முதல் பஸ்ஸில் வந்த உறவுக்காரர் ஒருவர் எங்கள் வாசலில் நின்றார். "அப்பா உன்னையே கேக்கறாரும்மா. பாப்பாவத் தூக்கிக்கிட்டுச் சீக்கிரம் வரச் சொன்னான் உங்கண்ணன்" என்றார். சீக்கிரம் என்பதை இரண்டு முறை சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது.

நாங்கள் அப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்தோம். என் கணவர் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பாப்பாவுக்கு எட்டு மாதம். காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. முந்தின நாள் அதன் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைப் பார்த்த அவர், "நாளைக்குத் தண்ணி ஊத்தறப்ப ஒரு சிட்டிக மஞ்சத்தூள் போட்டுடு. சின்ன ஓட்டைதான், அடைச்சுக்கும்" என்று சொல்லியிருந்தார். டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. தூள் தண்ணீரோடு சுற்றிவந்து, கசியும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

செய்தி வந்ததும் அவர் குளிக்கப் போனார். நான் ஒரு சிட்டிகை போட்டேன். வழியில் ஒழுகினால் என்ன செய்வது என்று இன்னொன்று போட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் நான். பாப்பாவின் மருந்தைக்கூடக் கோடு பார்த்துத்தான் ஊற்றுவேன். அன்றைக்கு டப்பாவில் கையை விட்டு இரண்டு பிடி அள்ளிப் போட்டு, மூடியைத் திருகிவிட்டேன். வீட்டில் இடித்த தூள், சலிக்காதது. அவரிடம் சொல்லவில்லை.

கடத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. முன்னால் ஆவி கிளம்பியது. அவர் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, பானெட்டைத் தூக்கிவைத்தார். "கிட்ட வராத, மூடி தெறிச்சா மூஞ்சி வெந்துரும்" என்றார். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

ஆறும்வரை காத்திருந்து, மூடியில் துணியைச் சுற்றித் திறந்தார். தண்ணீர் குறையவில்லை. ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அதுவும் இறுக்கமாகவே இருந்தது. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவினார். எனக்கு முதலிலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் அது வேறு ஏதாவது பழுதாக இருக்கட்டும், மாதாவே, என்று வேண்டிக்கொண்டு சும்மா நின்றேன். வேறு பழுது என்றால் இன்னும் நேரமாகும் என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

அந்த நேரத்தில்தான் தர்மபுரி பஸ் வந்தது. கையே காட்டவில்லை, தானாக நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "என்னண்ணா, இட்லி அவிக்கறீங்களா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். "ஏறுங்கம்மா, எடமிருக்குது."

"நீ போ. நான் பின்னாலயே வர்றேன்" என்றார் அவர்.

ஒரு கால் எடுத்து வைத்தேன். பத்து நிமிடத்தில் கார் சரியாகிவிட்டால்? கைக்குழந்தையோடு தனியாகப் போய் இறங்கினால் ஆட்கள் என்ன கேட்பார்கள்? நான் செய்த வேலைக்கு இவரை வெயிலில் விட்டுவிட்டு நான் மட்டும் போவதா? "நீங்க இல்லாம நான் எப்படிங்க போறது?" என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பஸ் போன பிறகு அவர் ரேடியேட்டரின் மேலும் கீழும் கை வைத்துப் பார்த்தார். "மேல தொட முடியல. கீழ சில்லுனு இருக்குது. நடுவுல அடைச்சிருக்குது. உப்புத்தண்ணி படிஞ்ச காறையாத்தான் இருக்கும். அப்படின்னா இங்க ஒண்ணும் பண்ண முடியாது, கட்டித்தான் இழுக்கணும்."

அப்போதுதான் சொன்னேன். "மஞ்சத்தூள் நெறையப் போட்டுட்டேங்க."

"எவ்வளவு?"

"ரெண்டு பிடி."

என்னைப் பார்த்தார். பஸ் போன பக்கம் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, ரேடியேட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போனார். அங்கே பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் வாயில் அதைத் தலைகீழாகப் பிடித்தார். வாய்க்கால் முழுதும் மஞ்சளாக ஓடியது. களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க, காரு வயசுக்கு வந்துருச்சுங்களா? மஞ்சத்தண்ணி ஊத்தறீங்க!" என்றார். அவரோடு இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் அழுவதைப் பார்த்த பிறகு அந்த அம்மாளே வந்து பாப்பாவை வாங்கிக்கொண்டார். "கரண்டு இருக்கறப்பவே கழுவிக்கங்க சாமி. போனா எப்ப வருமோ."

தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பிடித்தார். மறுபடி மாட்டிக் கிளம்பும்போது பழைய ஓட்டை திறந்துகொண்டது. இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் தர்மபுரி போய்ச் சேர்ந்தோம்.

அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"சர்ச் சாமியார் வந்து, நெத்தியில எண்ணெ பூசி, கடைசி அவஸ்தைப்பூசுதல் குடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்புறமும் நெனப்பு இருந்துச்சு. பஸ் வந்த நேரத்துக்கு ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பினேன். நீ எறங்கலன்னு வந்து சொன்னான். அப்பாகிட்ட, இந்தா வந்துருவான்னேன். கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. உசுரு போயிக் கால் மணி ஆகுது."

என் கணவர்தான் பதில் சொன்னார். "வண்டி சூடாகி நின்னுருச்சு மச்சான். பழைய ரேடியேட்டரு. நான் நேத்தே மாத்தியிருக்கணும்."

"பொண்டாட்டிய பஸ்ஸுல ஏத்தி அனுப்பறதுக்கு என்ன? அந்த ஓட்டைக் காருக்குக் காவலா?" என்றான் அண்ணன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் உள்ளே போய், அப்பாவின் கட்டிலருகே பாப்பாவைக் காட்டி நின்றேன். அம்மா துணியால் அப்பாவின் தாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது இரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு நினைவுப் பூசைக்கும் அண்ணன் வருகிறான். அவரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. "மாப்ளைக்குக் கார்தான் பெருசு" என்று மற்றவர்களிடம் சொல்கிறான். அவர் அதைக் கேட்டும் கேட்காததுபோல எல்லோருக்கும் இலை போடுகிறார். போன மாதப் பூசைக்குப் பிறகு, நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தேன். "என்ன?" என்றான்.

"இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமாண்ணா?" என்று கேட்டேன்.