லெர்மா சொல்லாத கடைசி வரி

லெர்மா பென்சிலைக் கடிக்க மாட்டாள். நான் கடிப்பேன். அந்தச் சின்ன வித்தியாசத்தை அவளுடைய அம்மா கவனித்துவைத்திருந்தாள் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரியவந்தது.

இலோய்லோ நகரத்தில் நர்சிங் படித்த நான்கு வருடமும் லெர்மாவும் நானும் ஒரே அறை. அவள் மியாகாவ் ஊர்க்காரி. அப்பா கப்பலில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒரு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். அம்மா தெரெசிங், ஊர்ச் சந்தையில் கருவாடு விற்றாள். கடைசிக் கடையில் அவள் கூவினால் முதல் கடையில் பேரம் நிற்கும், அப்படி ஒரு குரல்.

லெர்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஏன் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. பதினாலு வயதில் ஒருநாள் மாதா கோயில் பூசையில் மண்டியிட்டிருந்தபோது, எதிரே யாரும் இல்லை என்று தோன்றியதாம். அப்புறம் எத்தனை முறை முயன்றும் அந்த எண்ணம் மாறவில்லை. அம்மாவோடு கோயிலுக்குப் போவாள், மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொள்வாள், மற்றவர்கள் "விசுவசிக்கிறேன்" என்று சொல்லும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். நானோ மதில்மேல் பூனை. பரீட்சை வந்தால் பக்தி வரும், முடிந்தால் போகும். எங்கள் ஊரில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவளைப் போன்றவர்களுக்குத்தான்.

மூன்றாம் வருடத்தில் ஒரு மதியம், ஆண்கள் வார்டில் பன்னிரண்டு பேருக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது பேருக்குப் பார்த்தேன். பசி. மீதி மூன்று பேருக்கும் நூற்றிருபது எண்பது என்று எழுதிவிட்டு நழுவப் பார்த்தேன். பயிற்சி மாணவிகளில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. லெர்மா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"பன்னிரண்டாம் கட்டில் தாத்தாவுக்கு நூத்திருபது எண்பதா?"

"ஆமா."

"அவரு அரை மணி நேரமா எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்காரு. நீ என்னடி, கட்டிலுக்கா அளந்தே?"

என்னைக் கீழே எக்ஸ்ரே அறைக்கு இழுத்துக்கொண்டு போய் அந்தத் தாத்தாவின் கையில் பட்டையைச் சுற்ற வைத்தாள். நூற்றெண்பது நூற்றுப்பத்து. உடனே மருந்து தரவேண்டிய அளவு. அவள் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. "செய்யாததை எழுதாதடி, ஜினா. அடுத்து வர்றவ அதை நம்பித்தான் மருந்து கொடுப்பா" என்று மட்டும் சொன்னாள். லெர்மாவை முழுவதும் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும்.

உரிமத் தேர்வுக்கு முந்தின ஞாயிறு, தெரெசிங் பஸ் ஏறி ஹாரோ பெரிய கோயிலுக்குப் போனாள். மெழுகுவர்த்தி ஏந்திய மாதாவின் முன்னால் வைத்து, பாதிரியார் தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்த பென்சில் ஒன்றை மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் பக்கம் ஆசீர்வாதம் வாங்காத பென்சிலோடு தேர்வுக்குப் போகும் பிள்ளை கிடையாது. தேர்வன்று காலையில் என் பென்சிலைத் தொலைத்துவிட்டு நான் பையைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தேன். லெர்மா அந்தப் பென்சிலை நீட்டினாள்.

"எனக்கு எதுல எழுதினாலும் ஒண்ணுதான். உனக்கு இதுல தைரியம் வரும்ல, வெச்சுக்க."

இரண்டு நாளும் அதைக் கடித்துத் துப்பித்தான் தேர்வு எழுதினேன். முடிவு வந்தது. நான் தப்பிப் பிழைத்துத் தேறியிருந்தேன். தெருமுனைக் கடையில் வாங்கிய பென்சிலால் எழுதிய லெர்மா, நாட்டிலேயே ஆறாவது.

மறுநாளே மியாகாவ் சந்தை வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர் கட்டிவிட்டார்கள். வெள்ளைத் தொப்பியில் லெர்மா. கீழே பெரிய எழுத்தில், 'எல்லாப் புகழும் ஆண்டவருக்கே – லெர்மா'. அவள் பேனர் எதிரில் நின்று வெகுநேரம் பார்த்தாள். "நான் இதைச் சொல்லவே இல்லையே" என்றாள். அச்சடித்த பையனுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. தேறியவர்கள் எல்லோருக்கும் அந்த வரியைத்தான் போடுவானாம்.

தெரெசிங் அந்தப் பென்சிலைக் கேட்டாள், வீட்டு மாதா படத்தின் காலடியில் வைக்கவேண்டுமாம். அது என் பையில் இருந்தது. லெர்மா உண்மையைச் சொல்லப் போனாள். நான் கெஞ்சினேன்.

"ஒரு பென்சில்தானடி. அந்த மனுஷியோட சந்தோஷத்தை ஏன் கெடுக்கிறே?"

"நானா போய்ச் சொல்லமாட்டேன். ஆனா அம்மா கேட்டா சொல்லிடுவேன்."

பென்சிலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தெரெசிங் அதை விரலால் உருட்டிப் பார்த்தாள். கைக்குட்டையில் சுற்றினாள். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. எங்கள் பகுதியில் தேறிய எண்ணூறு பேரும் ஒரே மண்டபத்தில் உறுதிமொழி எடுக்கவேண்டும். ரேங்க் வாங்கியவள் மேடையில் நின்று வரிவரியாகச் சொல்ல, மற்றவர்கள் வலது கையைத் தூக்கிக்கொண்டு திருப்பிச் சொல்வது வழக்கம். லெர்மா முன்னின்று சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தைப் பிரித்ததும் அம்மா, சம்மதம் சொன்னதும் அம்மா, அன்று மாலைக்குள் சந்தை முழுக்கச் சொல்லி, அக்கம்பக்கத்தாரை அழைத்துப்போக ஒரு ஜீப்னி வண்டியையும் ஏற்பாடு செய்துவிட்டவளும் அம்மாதான்.

உறுதிமொழியின் கடைசி வரி, 'ஆகவே ஆண்டவர் எனக்குத் துணைசெய்வாராக'.

லெர்மா உரிமம் தரும் அலுவலகத்துக்குப் போனாள், என்னையும் கூட்டிக்கொண்டு. அங்கிருந்த அதிகாரி அம்மாள் நல்லவர்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"நம்பிக்கை இல்லாதவங்க அந்த வரியை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடலாம், மா. அதுக்கு வழி இருக்கு. ஆனா நீ மேடையில நிக்கிறவ. நீ விட்டா எண்ணூறு பேருக்கும்ல விட்டுப்போகும்?"

"அப்ப வேற யாரையாவது நிக்க வைங்க, மேடம்."

"தாராளமா. உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு. நேத்துத்தான் ஃபோன் பண்ணி, எந்தப் பக்கம் உக்காந்தா நீ நல்லா தெரிவேன்னு கேட்டாங்க."

வெளியே வந்து ஒரு கடையில் பாச்சோய் சூப் வாங்கினோம். அவள் தொடவில்லை. நூடுல்ஸ் ஊறிக் கூழானது.

"நாலு வார்த்தைடி. உதட்டை அசைச்சிட்டு இறங்கி வா" என்றேன்.

"இது நான் நர்ஸா கொடுக்கிற மொதல் வாக்கு. அதுலயே கட்டிலுக்கு பி.பி. பார்த்து எழுதச் சொல்றியா?"

எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய நேர்மைக்கு அம்மா ஏன் விலை கொடுக்கவேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதாள். நான்கு வருடத்தில் அன்றுதான் அவள் அழுது பார்த்தேன்.

விழா நாள் காலை தெரெசிங் எங்கள் அறைக்கே வந்து வெள்ளை உடுப்பை இஸ்திரி போட்டாள்.

"அம்மா, அந்தக் கடைசி வரி..." என்று லெர்மா தொடங்கினாள்.

"தள்ளி நில்லு, இண்டாய். பெட்டி சூடா இருக்கு." மகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவாள், இண்டாய் என்று.

"அம்மா, நான் சொல்றதக் கேளு."

"காலரைக் கொடு. மடிப்பு விழுந்திருக்கு."

மூன்றாவது முறை வாய் திறந்தபோது தொப்பியை அவள் தலையில் வைத்துக் கொண்டையூசி குத்தினாள். ஊசி கொஞ்சம் ஆழமாகவே பட்டிருக்கவேண்டும், லெர்மா முகம் சுளித்தாள்.

மண்டபத்தில் எள் விழ இடமில்லை. பெற்றவர்கள் மேலே மாடத்தில் இருந்தார்கள். நான் மூன்றாவது வரிசை. லெர்மா மேடையேறி, கையைத் தூக்கி, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். நோயாளியின் நலன், சட்டம், தொழிலின் மானம் எல்லாம் வந்தது. ஒவ்வொரு சொல்லையும் அவள் நிஜமாகச் சொன்னாள். இனி ஒருமுறையும் பொய்யாக எழுதக்கூடாது என்று எனக்கே தோன்றியது. பிறகு கடைசி வரி வந்தது. அவள் நிறுத்தினாள்.

எண்ணூறு கை தூக்கியபடியே நின்றது. தாளைத் தொலைத்துவிட்டாளோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதிகாரி அம்மாள் தொண்டையைச் செருமினார். லெர்மா வாயை மூடிக்கொண்டு, தூக்கிய கையை இறக்காமல் நின்றாள். நானாவது அந்த வரியை உரக்கச் சொல்லியிருக்கலாம். சிநேகிதி என்று இருந்து என்ன பயன்? நானும் கையைத் தூக்கியபடி நின்றேன்.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. கருவாட்டுக் கடைக் குரல்.

"ஆகவே ஆண்டவர் எனக்குத் துணைசெய்வாராக."

எண்ணூறு பேரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். லெர்மா மேலே பார்க்கவில்லை. கையை இறக்கிவிட்டு, மேசையில் இருந்த தன் படிவத்தில் அந்த வரியை நேர்கோடாக அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் வழியில் ஜீப்னியில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பெரிய மனதோடு சொன்னாள், "கடைசியில மைக் கெட்டுப்போச்சு பாவம்."

"மைக் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் லெர்மா.

மியாகாவ் வரும்வரை தெரெசிங் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் விருந்துக்குத் தேங்காய் துருவ என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டாள். துருவியை என் கையில் கொடுத்துவிட்டு, கைக்குட்டையைப் பிரித்துப் பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தப் பல்லு யாரோடது?"

நான் குனிந்துகொண்டேன்.

"எம் மவ ஒண்ணாப்புல இருந்து ஒரு பென்சில் கடிச்சதில்ல. கோயில்ல அவ உதடு மூடியிருக்கிறதும் எனக்குத் தெரியும். எத்தன வருஷமா பக்கத்துல மண்டி போடுறேன்? இன்னிக்கு அவ சொல்லமாட்டான்னு தெரிஞ்சுதான் மாடத்துல மொத வரிசையில போய் உக்காந்தேன்."

"பின்ன ஏன், அத்தை, காலையில அவ சொல்ல வந்தப்ப கேக்கல?"

"கேட்டா, சொல்லுடின்னு கெஞ்சியிருப்பேன். நான் கெஞ்சினா ஒருவேளை சொல்லிடுவா. பொய் சொன்ன மவளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" அடுப்பு புகைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவமானம் இல்ல. பயம், ஜினா. அவளுக்காக ஆண்டவர்கிட்ட கேக்க நான் ஒருத்திதான் இருக்கேன். நான் போயிட்டா அவளுக்குத் துணை செய்யுன்னு யார் கேப்பா?"

நான் தேங்காயைத் துருவ ஆரம்பித்தேன்.

"நீ கேளு. உன் பக்தி எந்த லட்சணம்னு இந்தப் பென்சிலைப் பார்த்தாலே தெரியுது. பரவால்ல. வேற ஆளு இல்ல."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அம்மாவும் மகளும் அதைப் பற்றி அப்புறம் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. பேசியிருக்கலாம், இரண்டு பேரும் பிடிவாதக்காரிகள். லெர்மா வீட்டுக்கு வந்தால் ஒருத்தி சமைப்பாள், மற்றவள் சாப்பிடுவாள், இடையில் அந்த வரி உட்கார்ந்திருக்கும். ஆனால் அந்த வாரமே தெரெசிங் மீன் வெட்டும் கத்தரியோடு சந்தை வாசலுக்குப் போய், பேனரின் அடிப்பகுதியை எழுத்தோடு வெட்டி எடுத்துவிட்டாள். படம் மட்டும் வெயிலில் வெளுத்து முகம் தெரியாமல் போகும்வரை தொங்கியது.

தெரெசிங் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. லெர்மாவும் நானும் ஒரே மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறோம். வார்டை ஒப்படைக்கும்போது நான் எழுதிய தாள்களை அவள் ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்துப் போடுவாள். அவள் குனிந்திருக்கும் அந்த நேரத்தில், அவளுக்குக் கேட்காதபடி அந்த வரியை அவளுக்காகச் சொல்லிவிடுவேன். எதிரே கேட்பவர் உண்டா என்று எனக்கும் உறுதியில்லை. என்னடி முணுமுணுக்கிறே என்று அவள் கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும், அவளிடம் பொய் எடுபடாது. இதுவரை கேட்கவில்லை.

பார்க்காததைப் பார்த்ததாக எழுதியவள் நான். இந்த ஒன்றை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.