கரையா, கறையா

எங்களுக்குப் பிடித்த ராக் பாடகர் தன் பாட்டுகளைத் தானே எழுதுவார், ஆனால் வரிகளை எங்கேயும் வெளியிடமாட்டார். அதனால் ஞாயிறு பின்னேரங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டில் கூடி, அவர் என்னதான் பாடுகிறார் என்று நாங்கள் ஐந்தாறு ரசிகர்கள் சண்டை பிடிப்போம்.

அன்றைக்கு ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டோம். ‘கடலே, என் கரையை எடுத்துக்கொள்’ என்றுதான் நான் பல வருடங்களாகக் கேட்டு வந்தேன்.

“அது கறை. அழுக்குக் கறை. வடிவாக் கேளும்,” என்றாள் என் தோழி.

“அந்தக் கிட்டார் சத்தத்தில உமக்கு எந்த ‘ர’ எண்டு விளங்குதோ?” என்று சிரித்தேன்.

அன்று முதல்தடவையாக வந்திருந்த ஒருவர் அதுவரை பேசவே இல்லை. மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக்காரர், பேலியகொடைச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்.

“எனக்கும் கறைன்னுதாங்க கேக்குது,” என்றார் மெதுவாக. “வேலை முடிஞ்சா கையெல்லாம் ரத்தம். சோப்புப் போட்டாலும் வாடை போகாது. ஒரு நாள் கடல்ல எறங்கி நின்னேன், இந்த வரிதான் வாயில வந்துச்சு. கரையைக் கடல் கேக்காமலே எடுத்துக்குமுங்க. கறையை எடுத்துக்கோன்னுதான் நாம கெஞ்சிக் கேக்கணும்.”

தோழி பாட்டை மறுபடி போட்டாள். அந்த வரி வந்தது. இத்தனை நாளும் ஓர் அழகான வரி என்று ரசித்தது, ஒரு மனிதனின் மன்றாட்டாக என் முன்னால் நின்றது.

அடுத்த பாட்டைப் போட யாருக்கும் கை வரவில்லை.