பொன்னுத்தாய் எந்த ஊருக்குப் போவாள்

பேக்கரியில் பால் வாங்க நின்றபோதுதான் டிவியில் அவள் முகம் வந்தது. முன்னாள் அமைச்சர் பொன்னுத்தாய் சென்னை மருத்துவமனையில் காலமானார் என்றார்கள். எனக்கு அழுகை வருவதற்குள் அடுத்த வரி ஓடியது: திருப்பூர் வீட்டில் அஞ்சலிக்கு வைத்த பின் உடல் சொந்த ஊருக்குக் கொண்டு செல்லப்படும். பாலை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளை அறிந்த உங்களுக்கு என் பயம் புரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

மழை பொய்த்துத் தெற்கேயிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது, எங்களுடையதைப் போலவே. ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு. பனியன் கம்பெனியில் அவள் கைமடி. தைப்பவருக்குத் துணியை மடித்து நீட்டும் வேலை. அப்போது அவள் அம்மா இறந்துபோனாள். சுடுகாட்டில் ஒருவர் வழிமறித்தார். அவர் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுத வேண்டாம் என்கிறான் என் மகன். "தப்பா நெனைச்சுக்காதீங்க சாமி. இது எங்க ஆளுங்களுக்குன்னு இருக்குதுங்க. நீங்க உங்க ஊருக்கே கொண்டு போயிருங்க" என்றார். அத்தனை மரியாதை. பனியன் மூட்டை ஏற்றும் வண்டியைப் பிடித்து, பிணத்தோடு தெற்கே போனோம். வழியில் பொன்னுத்தாய் ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "ஒழைக்கிறதுக்கு இந்த ஊருக்கு நாம வேணும் மதினி. வேகுறதுக்கு வேண்டாமாம்."

சங்கத்தில் சேர்ந்தாள், கவுன்சிலரானாள், சட்டமன்றத்துக்கு நின்றாள். வந்தேறி என்று சுவரில் எழுதினார்கள். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் ஒரு பெரியவர், "ஏனுங் அம்மிணி, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று இழுத்தார். "உங்க சட்டைக்குள்ள இருக்குற பனியனக் கேளுங்கய்யா, அதுக்குத் தெரியும்" என்றாள். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே மேல் பொத்தானைப் போட்டார். ஜெயித்தாள், அமைச்சரும் ஆனாள்.

நம் ஆட்களை எரிக்க ஓர் இடம் கேட்டு அவள் வாசலுக்கு நடந்தேன். "பாப்போம் மதினி" என்பாள். பார்த்துக்கொண்டே இருந்தபோது என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மறுபடியும் வண்டி. பெரிய மாலையோடு காரில் வந்தாள். "மாலைய வச்சு நான் என்னத்தப் பண்ண? எடந்தானே கேட்டேன்" என்றேன். அவளை நான் உட்காரச் சொல்லவில்லை. மாலையை அவர் மேல் போட்டாள், காரைத் திருப்பி அனுப்பினாள், எங்களோடு வண்டியில் ஏறினாள். ஊரில் இறங்கும்போது சொன்னாள்: "அடுத்த சாவுக்கு வண்டி வராது மதினி."

திருப்பூரில் ஓடையோரம் எல்லாருக்கும் பொதுவாக எரிமேடை கட்டினாள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். ஓட்டுப் போய்விடும் என்று அவள் கட்சிக்காரர்களே கெஞ்சினார்கள். போகத்தான் செய்தது. தோற்றாள், கட்சி அவளை மறுபடி நிறுத்தவேயில்லை. "நான் தோத்தா என்ன, எரிமேடை எந்திரிச்சா போயிரும்" என்று சிரித்தாள்.

இப்போது பக்கத்தில் வீட்டுமனை போட்டவர்கள் அதை மூடச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார்கள். கட்டியவளே தெற்கே போய்விட்டால் என்ன ஆகும்? "பாத்தீங்களா, அந்தம்மாவே அவங்க ஊருக்குப் போயிட்டாங்க" என்று மரியாதையாகவே சொல்வார்கள். அவள் மகன் ராசுவைப் போனில் பிடித்தேன்.

"சொந்தக்காரங்க, கட்சிக்காரங்க எல்லாரும் ஊருக்குத்தாங்கிறாங்க அத்தை. அங்க மண்டபம் கட்டுவாங்களாம்."

"ஒங்கம்மா எதுக்குடா தோத்தா?"

போனை வைத்துவிட்டான்.

அஞ்சலிக்கு வைத்திருந்த வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தாராபுரம் ரோட்டு முக்கில் போய் நின்றுகொண்டேன். நேரே போனால் தெற்கு. இடது பக்கம் திரும்பினால் ஓடை. கட்சிக் கார்கள் நேரே போயின. பின்னால் வந்த அவள் வண்டி முக்கில் நின்றது. முன்சீட்டிலிருந்த ராசு என்னையே பார்த்தான். டிரைவரிடம் ஏதோ சொன்னான். வண்டி இடது பக்கம் திரும்பியது. முன்னால் போன கார்கள் வளைந்து பின்னால் வந்தன.

என் பேரனுக்குக் கேட்ட வேலையை அவள் வாங்கித் தரவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை. மனு இன்னும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கும்போது அவள் சொன்னாளே, அந்தப் பேச்சு ஒன்றைத்தான் நான் வைத்திருக்கிறேன். மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், எனக்கும் வண்டி பிடிக்காதே என்று.