மேற்குக் காட்டுக் கேட்

ஹெட்டி குவில் பார்க்கூ ஆற்றுக்கு மேற்கே நாற்பது வருடம் மாட்டுப் பண்ணை நடத்தினாள். நான்கு வறட்சிகளையும் இரண்டு வெள்ளங்களையும் பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் ஒரே ஒரு கதை சொல்வாள். அதையும் சிரிக்காமல் சொல்வாள். அவளுக்குப் பதிமூன்று வயதில் நடந்த கதை அது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கோடை முடிந்து ஏப்ரல் பிறந்தும் வெயில் தணியவில்லை. மாதக் கடைசியில் நானூறு காளைகளை விற்பனைக்காக ரயிலடிக்கு ஓட்டிப்போக வேண்டும். வழியில் ஐந்து வாரம். பெண்பிள்ளைகளை யாரும் அழைத்துப்போவதில்லை. ஆனால் ஹெட்டியை அழைத்துப்போவதாக அவள் அப்பா ஆம்புரோஸ் வாக்குக் கொடுத்திருந்தார். எட்டு வயதிலிருந்து நச்சரித்து வாங்கிய வாக்கு. அவள் போர்வையைச் சுருட்டித் தோல்வாரால் கட்டிவைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இடையில் மெல்போர்னிலிருந்து அத்தை மகன் லயனல் வந்து சேர்ந்தான். வயது பதினான்கு. நெஞ்சுச் சளிக்கு உலர்ந்த காற்று நல்லது என்று டாக்டர் அனுப்பிவைத்திருந்தார். வந்த முதல் நாளே குதிரையின் வலப்பக்கமாக ஏறப்போய் உதை வாங்கினான். "ஏறணும்னா இடப்பக்கம், விழணும்னா எந்தப் பக்கமும்" என்றாள் ஹெட்டி. அன்றிலிருந்து அவன் எது செய்தாலும் அவளுக்குச் சிரிப்புத்தான்.

அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் ஜெபம் கற்பதற்கு முன்பே ஒரு விதியைக் கற்றுக்கொள்வார்கள். கேட் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுப் போக வேண்டும். திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்தியபடி. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை.

ஒரு புதன்கிழமை ஹெட்டி வேலி பார்த்துக்கொண்டு மேற்குக் காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக்குப் போனாள். கேட் ஆவென்று திறந்து கிடந்தது. புழுதியில் லயனல் ஏறுகிற கிழட்டுக் குதிரையின் குளம்புத் தடம் தெளிவாக இருந்தது. பட்டணத்தான் புத்தி என்று முனகியபடி சாத்திச் சங்கிலியையும் மாட்டினாள். விதி அவளுக்குத் தெரியாததல்ல. அது மற்றவர்களுக்குத்தான் என்று நினைத்துவிட்டாள். தெரிந்தவர்கள் செய்கிற தப்பு இப்படித்தான் இருக்கும்.

வீட்டில் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல சமயம் பார்த்து அவன் தலையில் போடலாம் என்று பத்திரமாக வைத்திருந்தாள்.

சமயம் சனிக்கிழமை மதியம் வந்தது. காலையில் அம்மா வைத்த எழுத்துச் சோதனையில் ஹெட்டிக்கு ஒன்பது தப்பு, லயனலுக்கு ஒன்றுமில்லை. உப்புக்கண்டம் சாப்பிட்டுக்கொண்டே அவன் அதைச் சொல்லிச் சிரித்தான்.

"எழுத்துல பெரிய புலிதான்" என்றாள் ஹெட்டி. "ஒரு கேட்டைச் சாத்தத் தெரியலையே! அப்பா, புதன்கிழமை இவன் மேற்குக் காட்டுக் கேட்டைத் திறந்து போட்டுட்டு வந்துட்டான். நான்தான் போய்ச் சாத்தினேன்."

"நான் போறப்பவே திறந்துதான் இருந்துச்சு" என்றான் லயனல். "மாமா இருந்தபடியே விடச் சொன்னார். விட்டேன்."

ஆம்புரோஸின் கத்தி தட்டில் அப்படியே நின்றது. "சாத்திட்டியா?"

"ஆமாப்பா."

"அந்தப் பக்கம் குட்டை வத்திப்போச்சு, ஹெட்டி. பசுவெல்லாம் இந்தப் பக்கத் தொட்டிக்கு வந்து குடிக்கட்டும்னு நான்தான் செவ்வாக்கிழமை திறந்துவிட்டேன்."

யாரும் சாப்பாட்டை முடிக்கவில்லை. ஒன்பது மைல் குதிரைகளை விரட்டிப் போனார்கள். இருநூறு பசுக்கள் வேலியை நெருக்கிக்கொண்டு நின்றன. சில கத்தின; பல கத்தவும் சக்தியில்லாமல் நின்றன. கன்றுகள் படுத்துக் கிடந்தன. ஹெட்டி பாய்ந்து இறங்கிச் சங்கிலியில் கைவைத்தாள்.

"தொடாத, பாப்பா!" என்று கத்தினார் வில்ஃப். அந்த மண்ணின் பூர்வகுடி அவர். பண்ணையில் மாடு தெரிந்தவர் அவரைப் போல இன்னொருவர் இல்லை. "மொத்தமா விட்டா தொட்டில ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து சாகும். இருபது இருபதா விடணும்."

வில்ஃபும் ஆம்புரோஸும் ஹெட்டியும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் குதிரையை ஓட்டி வேகத்தை அடக்கினார்கள். கேட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. குதிரையில் பயன்படாத லயனல் அங்கே நின்றான். இருபது போனதும் சாத்த வேண்டும், தொட்டியருகே இடம் காலியானதும் திறக்க வேண்டும். மிரண்ட பசுக்கள் கம்பியை முட்டின. நான்கு மணி நேரம் அவன் நகரவில்லை. சங்கிலி உராய்ந்து உள்ளங்கை இரண்டும் ரத்தமாக இருந்தது.

பதினோரு பசுக்களும் ஆறு கன்றுகளும் எழவில்லை. ஆம்புரோஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். ஹெட்டி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்திக்கொள்ளத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்தாள்.

திரும்பும்போது, "தப்பு பண்ணிட்டேன்பா" என்றாள்.

"தெரியும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை சொன்னார்: "ரயிலடிக்கு உனக்குப் பதிலா லயனல் வரான். உன் குதிரை டஃபிய அவனுக்குக் கொடு."

"அவனுக்குக் குதிரையில உக்காரவே தெரியாதேப்பா!"

"அது பத்து நாள்ல வந்துரும். கேட்டை இருந்தபடி விடறதுதான் லேசுல வராது. பத்து நாள் இருக்கு, நீயே கத்துக் கொடு."

கற்றுக் கொடுத்தாள். தப்பாகச் சொல்லிக் கொடுக்கலாமா என்று முதல் நாள் தோன்றியது. டஃபியை நினைத்து விட்டுவிட்டாள்.

கிளம்பும் காலையில் கைக்கட்டு அவிழாத லயனல் அவளருகே குதிரையை நிறுத்தினான். "என் மேல கோபமா?"

"கோபந்தான்" என்றாள். "கடிவாளத்தை வெடுக்குனு இழுக்காத. அதுக்கு வாய் நோகும்."

நானூறு காளைகளும் புழுதியோடு கடந்துபோயின. கடைசி மாட்டின் பின்னால் ஆம்புரோஸ் போனார். ஹெட்டிக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் போன பண்ணைக் கேட்டில் கைவைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அப்பா! சாத்தட்டுமா, இருக்கட்டுமா?"

தன் கண்ணுக்குச் சரியென்று பட்ட ஒன்றைப் பற்றி அவள் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

ஆம்புரோஸ் குதிரையைத் திருப்பி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "சாத்தும்மா" என்றார்.