இருபத்தெட்டாவது வரி

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் ராஜகுமாரி முதலில் கட்டிலில் உட்காருவாள். விருந்தாளி மாதிரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்காருவாள். பிறகு காலை நீட்டிப் படுப்பாள். படுத்தால்தான் கூரை மூலையில் இருக்கிற ஒட்டடை கண்ணில் படும். "நின்னுக்கிட்டு பாத்தா எல்லா வூடும் சுத்தமாத்தான் இருக்கும். வர்றவங்க நிக்கவா வர்றாங்க? படுக்க வர்றாங்க" என்பது அவள் கட்சி.

எழுந்து போய் குளியலறைக் குழாயைத் திறந்து, வெந்நீர் வரும்வரை ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவாள். கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்ப்பாள். கதவுக்குப் பின்னால், திரைச்சீலையின் அடித் தையலில், டிவி ரிமோட்டின் முதுகில் விரலை ஓட்டுவாள். எல்லாம் சரியாக இருந்தால் "ம்" என்று ஒரு சத்தம் வரும். அவளிடம் வேலை செய்கிற பெண்கள் அந்த "ம்"முக்காகக் காத்திருப்பார்கள். வாயைத் திறந்து பாராட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

நாற்பத்தேழு வயது. குன்னூரைச் சுற்றி அறுபத்தொரு விடுமுறை வீடுகளைத் துடைத்து, துவைத்து, படுக்கை போட்டுத் தயாராக வைப்பது அவள் ஏஜென்சியின் வேலை. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். முப்பத்து மூன்று பெண்கள், இரண்டு ஆம்னி வேன், பழைய பேக்கரி ஒன்றின் பின்கட்டில் ஆபீஸ். காலை ஏழரைக்கு அங்கே எல்லோரும் வரிசையாக நிற்க, யார் எந்த வீட்டுக்கு என்று வாசிப்பாள். அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'பெரட்டு'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அதிகாலையில் ஆளெண்ணி வேலை பிரிப்பதை அப்படித்தான் சொல்வார்களாம். கப்பலேறி வந்த அவளுடைய அப்பாவோடு வந்து சேர்ந்த வார்த்தை அது. இங்கே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த மகளிடம் மிச்சமிருக்கிறது.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் பெரட்டு என்றால் இரண்டு பேர்தான். அவளும் சின்னம்மையும். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. ராஜகுமாரியைவிட நான்கு வயது மூத்தவள் சின்னம்மை. தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை குறைந்துபோன ஒரு வருடத்தில் இருவருமாக இரண்டு வீடுகளைச் சுத்தம் செய்யப் போனார்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, எதிர்ப்பக்கம் ஒருத்தி நின்று விரிப்பைப் போடுவார்கள். இரண்டு ஐந்தாயிற்று, ஐந்து ஒன்பதாயிற்று. ஒன்பதாவது வீட்டோடு எல்லாம் குலைந்தது. ஒரு வீட்டில் சோப்பு இல்லை, இன்னொன்றில் துண்டு இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு "இப்ப என்னாக்கா செய்ய?" என்றார்கள். சின்னம்மை கைவைத்த வீட்டிலிருந்து மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

அப்போதுதான் ராஜகுமாரிக்கு அந்த யோசனை வந்தது. மூன்று வாரம் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு சின்னம்மையின் பின்னாலேயே திரிந்தாள். "நீ பாட்டுக்கு செய்க்கா. நான் எழுதிக்கிறேன்."

"என்னா புள்ள, சினிமாவா எடுக்குற?" என்று சின்னம்மை சிரித்தாள். ஆனாலும் செய்து காட்டினாள். எந்த அறையில் தொடங்குவது, ஈரத்துணி எது, காய்ந்த துணி எது, தலையணையின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எல்லாம். ஆபீஸில் உட்காரும் மேட்டுப்பாளையத்துப் பெண் பிரியா அதைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். படிக்கத் தெரியாதவர்களுக்காக வரிக்கு ஒரு படம். மொத்தம் இருபத்தேழு வரிகள், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே தாள். அதிலுள்ள எல்லாப் படங்களிலும் இருக்கிற கைகள் சின்னம்மையுடையவை.

தாள் வந்தபின் புதிதாக வருகிறவள் மூன்றாம் நாள் தனியாக ஒரு வீட்டை முடித்தாள். ஒரே வருடத்தில் வீடுகள் இருபத்திரண்டு ஆயின. பிறகு எல்சா வந்தாள். வெளியூர் நிறுவனம் ஒன்றுக்காகப் பதினான்கு காட்டேஜ்களைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர். பதினான்கையும் தருகிறேன், ஆனால் பதினான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு முடிய வேண்டும் என்றாள். ராஜகுமாரி ஒரு வீட்டுக்கு இரண்டு மணி பத்து நிமிடம் என்று வைத்தாள். முடித்ததும் போட்டோ அனுப்ப வேண்டும். நேரம் தாண்டினால் சிவப்புப் புள்ளி. ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் வீட்டு வேலை கிடையாது, சலவைக் கொட்டகைதான்.

மழைக்காலம் தொடங்கிய மாதம், மூன்று சிவப்பு விழுந்த முதல் ஆள் சின்னம்மை.

அன்றைக்குப் பெரட்டில், ராஜகுமாரி வெகுநேரம் சிவப்புக் கணக்கு எழுதிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டாளிக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் பெயரை வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள். "சின்னம்மை. மூணு செவப்பு. சலவை."

சின்னம்மை ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து, பிரியாவின் மேசைமேல் வைத்தாள். பத்து நாள் கோபம், வந்துவிடுவாள் என்று ராஜகுமாரி நினைத்தாள். பதினொன்றாம் நாள், அவள் எமரால்டில் தம்பி வீட்டுக்குப் போய் கேரட் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. போன் போட்டால் மணி அடித்து ஓய்ந்தது.

அதன்பின் ராஜகுமாரிக்கு ஒரு வழக்கம் தொற்றிக்கொண்டது. வேன் புறப்படும்போது, "ஏறியாச்சா?" என்று சின்னம்மை உட்காரும் கடைசி இருக்கையைத் திரும்பிப் பார்ப்பாள். அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மதியம் டப்பாவைத் திறந்தால் ஊறுகாயை மூடியில் ஒரு ஓரமாக எடுத்து வைப்பாள். பிறகு தானே வழித்துச் சாப்பிட்டுவிடுவாள்.

அடுத்த ஜூலையில் எல்சாவிடமிருந்து அழைப்பு வந்தது. மூன்று காட்டேஜ்களில் மெத்தை பூசணம் பிடித்திருக்கிறது, விருந்தாளிகள் பாதியில் கிளம்பிவிட்டார்கள். "எனக்கு மேல இருக்கிறவங்க வேற ஏஜென்சி பாக்கச் சொல்றாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் என்னால தள்ள முடியும்" என்றாள். ராஜகுமாரி போய்ப் பார்த்தாள். பெண்கள் தாளில் இருந்ததை அப்படியே செய்திருந்தார்கள். பதினொன்றாவது வரி: ஜன்னலை இருபது நிமிடம் திறந்து வை. கொட்டுகிற பனிமூட்டத்திலும் இருபது நிமிடம் திறந்து வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் வேனை எடுத்துக்கொண்டு எமரால்டு போனாள். வழி நெடுக, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சின்னம்மை ஐந்து பெண்களோடு வரிசையாகக் குனிந்து கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முகத்தில் கோபமில்லை. "வா ராசி. டீ குடிச்சியா?"

"குடிச்சேன்க்கா" என்று பொய் சொன்னாள். வரப்பில் உட்கார்ந்ததும், ஒத்திகை பார்த்ததெல்லாம் போய், வேலைதான் வாயில் வந்தது. "மெத்தையெல்லாம் பூத்துப்போச்சுக்கா. நீ எத்தன நிமிசம் ஜன்னலத் தொறந்து வெப்ப?"

"நிமிசத்த யாரு பாத்தா? பனி எறங்குற நாள்ல தொறக்கவே மாட்டேன். வெளிய இருக்குற ஈரம் உள்ள வந்துரும்ல." மண் கையைப் பாவாடையில் துடைத்தாள். "தலகாணிக்கு அடியில ஒரு தீப்பெட்டி வெச்சுருவேன். மத்த வேலைய முடிச்சிட்டு, அத எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்து ஒரு குச்சி ஒரசுவேன். மொத ஒரசல்ல பத்துனா மெத்த நல்லாருக்கு. நமுத்துப் போயிருந்தா, மெத்தையக் கணப்பு பக்கத்துல நிமித்தி வெச்சுட்டு ஒக்காந்துருப்பேன். அதுக்குத்தான் எனக்கு நேரம் ஆவும்."

அவள் பின்னால் திரிந்த அந்த மூன்று வாரமும் மார்ச் மாத வெயில் என்பது ராஜகுமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. பை திறந்திருந்தது. கை தன்பாட்டில் நோட்டையும் பேனாவையும் வெளியே எடுத்திருந்தது.

"அதையும் எழுதிக்கிறியா?" என்றாள் சின்னம்மை.

ராஜகுமாரி நோட்டைக் கீழே வைத்தாள். "அந்த செவப்ப நான் போட்டிருக்கக் கூடாதுக்கா."

"போட்டது தப்பில்ல புள்ள. எனக்கு விட்டுக்குடுத்தா உன் பெரட்டுல மத்தவ எவ நிப்பா? ஆனா, முப்பது பேருக்கு முன்னால வாசிக்கிறதுக்கு முந்தி, ஏன்க்கா லேட்டுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எங்கிட்டதான? கேட்டிருக்கலாம்."

"திரும்பி வந்துரு அக்கா. செவப்பு, நேரம் ஒண்ணும் வேணாம். நீ சும்மா வந்து நின்னாப் போதும்."

சின்னம்மை தோட்டத்தைப் பார்த்தாள். "சும்மா நின்னு எனக்குப் பழக்கமில்லயே. இங்க ஆறு பேரு, ஒரே நெர. ஒருத்தி பின்தங்குனா பக்கத்துல இருக்குறவ அவளுக்கும் சேத்து நாலு புடுங்கிருவா. இது எனக்கு ஒத்துப்போச்சு ராசி." குனிந்து, கீழே கிடந்த நோட்டை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக் கொடுத்தாள். "எழுதிக்க. மறந்துருவ."

தாளில் இருபத்தெட்டாவது வரி ஏறியது. ஒரு தீப்பெட்டிப் படம், ஒரு தலையணைப் படம். படத்துக்கு யார் கை என்று பிரியா கேட்டபோது, கை வேண்டாம் என்று ராஜகுமாரி சொல்லிவிட்டாள். மெத்தைகள் உலர்ந்தன. எல்சா போகவில்லை, மேற்கொண்டு ஆறு காட்டேஜ்களைத் தந்தாள். சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் இப்போது 'ஏன்?' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் யார் பெயரையும் வாசிப்பதில்லை.

"ஏனுங்க மேடம், எல்லாருமே பஸ் லேட்டுன்னு எழுதறாங்க" என்றாள் பிரியா.

"எழுதட்டும். நீ போயி ஒவ்வொருத்தரையும் வாயால கேளு."

போன வாரம் ஒருத்தி வரவில்லை. அவளுக்குப் பதிலாக ராஜகுமாரியே கோத்தகிரி ரோட்டில் ஒரு வீட்டுக்குப் போனாள். கூட வந்த சசிகலா சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். படுக்கையறையில் இரட்டைக் கட்டில். ராஜகுமாரி வெள்ளை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து, ஒரே வீச்சில் கட்டிலுக்கு மேலே உதறினாள். அது கூடாரம் மாதிரி உப்பி எழுந்தது. தன் முனைகளை இழுத்துப் பிடித்தபடி எதிர்ப்பக்கத்தைப் பார்த்து நின்றாள். விரிப்பு மெல்லக் காற்றிறங்கி, கோணலாக மெத்தையில் படிந்தது. இன்னும் கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். பிறகு முனைகளை விட்டுவிட்டு, கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.