குடைக்குப் பின்னால் அக்கா

அம்மாவின் கறுப்புக் குடையை நினைத்தால் எனக்கு மழை ஞாபகம் வராது, ஈயச்சுரங்கம்தான் ஞாபகம் வரும். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம். மூடிப்போன சுரங்கம் ஒன்றில் பழைய இயந்திரங்களைக் கொட்டகை போட்டுப் பார்வைக்கு வைத்திருக்கிறார்களாம், குடும்பத்தோடு போய் வரலாம் என்றார் அப்பா. நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கிலிருந்து கடைத்தெருவுக்கு எதற்கு பஸ், நடந்தால் ஆகாதா என்று கேட்கிற மனிதர், வாடகைக்குக் காடி, அதாவது கார், பேசியிருந்தார். அக்காவோ நீலப் பட்டுச் சேலையில் வந்து நின்றாள். சேறு பார்க்கப் போகிறவளுக்குப் பட்டு எதற்கு?

"ஒங்கப்பா சும்மா காடி எடுக்கிற ஆளில்ல. அங்க யாருக்கோ அக்காவக் காட்டப் போறாரு," என்று அம்மா என் காதில் சொன்னார்.

எங்களவர்களிடம் அப்படியொரு வழக்கம் இருந்தது. முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன், கோயிலிலோ பொது இடத்திலோ தற்செயல் போலப் பெண்ணைக் காட்டிவிடுவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானமில்லை. பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அம்மாவையும் திருவிழா என்று கூட்டிப்போய்த்தான் அப்பாவுக்குக் காட்டினார்களாம். தன் மகளுக்கு அது நடக்கவே கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்தை இன்றும் மதிக்கிறேன்.

கொட்டகையில் தங்கச் சங்கிலிகளோடு ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. கூடவே எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரிய ஒரு வாலிபன். அவ்வளவுதான், அம்மா கூரைக்கு அடியிலேயே குடையை விரித்து அக்காவை மறைத்துவிட்டார். அவர்கள் நகர்ந்த பக்கமெல்லாம் குடையும் நகர்ந்தது. "இங்க ஒழுகுதாங்க?" என்று அந்த வீட்டம்மாள் கூரையை அண்ணாந்து பார்த்தார். அப்பா ஓர் இயந்திரத்தைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். அதுவே அம்மாவின் சந்தேகத்தை உறுதியாக்கியது.

எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் அங்கேயே வேலை செய்யும் ஓர் இளைஞர். காக்கிச் சட்டையெல்லாம் சேறு. பெண்கள் ஆற்றில் நின்று ஈயம் அரிக்கும் மரத்தட்டை அக்காவிடம் கொடுத்தார். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு தொட்டியில் தட்டைச் சுழற்றி, மண்ணோடு ஈயத்தையும் கொட்டிவிட்டாள்.

"பரவால்லிங்க. நானும் மொதல்ல கொட்டுனவன்தான்," என்றார் அவர்.

அக்கா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். இந்த வேலை நிலைக்குமா, உங்கள் வீட்டில் பெண்கள் வேலைக்குப் போவார்களா என்றுகூடக் கேட்டாள். அம்மாவின் கண்ணெல்லாம் சங்கிலிக் குடும்பத்தின் மேல். போகிறபோக்கில் அந்தக் காக்கிச் சட்டைக்காரரிடம் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை நீட்டி, "சாப்பிடு தம்பி, எளச்சிருக்க," என்றார்.

திரும்பும் வழியில் அம்மாவுக்கு ஒரே பெருமிதம். "அந்தச் சங்கிலிக்காரங்களுக்கு இவ மூஞ்சியக்கூடக் காட்டல."

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது," என்றார் அப்பா. "நமக்குச் சுத்திக் காட்டுச்சே, அந்தத் தம்பிதான் மாப்பிள்ளை. அவங்க அம்மா பொண்ணு கேட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாங்க."

அம்மாவின் முகம் கறுத்தது. "அப்ப, அவனுக்கு இவளக் காட்டத்தான்..."

"இல்லம்மா," என்றாள் அக்கா. "நாம யாருன்னு அவருக்குத் தெரியாது. நாந்தான் அப்பாகிட்ட கேட்டேன். சரின்னு சொல்றதுக்கு முன்ன, அவரு வேல செய்ற எடத்துல, அவருக்குத் தெரியாம நான் பாக்கணும்னு. ஒங்ககிட்ட சொன்னா வரவே விட்டிருக்க மாட்டீங்க."

அம்மா ரப்பர் மரங்கள் ஓடும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். பிறகு அக்காவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லாப் பாத்துக்கிட்டியா? நான் ஒங்கப்பாவ மணவறையிலதான் பாத்தேன்."