சம்பந்தி கேட்ட காலிபிளவர்

தாலி கட்டுகிறவன் ஒருத்திக்குப் பதில் சொன்னால் போதும். கல்யாணத்துக்குச் சமைக்கிறவன் பந்திக்கே பதில் சொல்லணும். அடுப்புப் புகையில் கண் அவிந்த கூட்டாளிகளே, உங்களுக்குத் தெரியாததா?

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலிப் பக்கம் காலிபிளவர் இல்லாத பந்தி பந்தியே இல்லை என்றாகிவிட்டது. அப்போதுதான் பாளையங்கோட்டையில் ஒரு வாத்தியார் வீட்டுக் கல்யாணம் என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா திசையன்விளையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. விருந்துக்கு விருந்து காலிபிளவர் வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி முகம் கோணிச்சுன்னா, எம் மவதான் காலம் பூரா அங்கன பேச்சு வாங்கணும் வே." எனக்கும் ஒரு மகள் உண்டு. சரி என்று தலையாட்டித் தொலைத்தேன்.

நிச்சயதார்த்தம்: பொரியல்

பூ வாங்குவதிலேயே தொல்லை தொடங்கிவிடும். ஊட்டிப் பூ இறுக்கமாக, வெள்ளையாக இருக்கும்; வெயில் கண்டது மஞ்சளாக விரிந்து கிடக்கும். அலைந்து ஊட்டிப் பூவாகவே கொண்டுவந்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் முக்கி எடுத்தேன். உடனே வாத்தியாரின் மைத்துனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சைவக் குடும்பம், புழு வாய்க்குள் போய்விடக் கூடாதாம். ஒவ்வொரு பூவையும் பிய்த்துப் பிய்த்துப் பார்த்து என் பொரியலை ரவையாக்கிவிட்டார்.

தேங்காயைக் கூடப் போட்டு ஒப்பேற்றினேன். நல்லவேளை, சம்பந்தி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். மைத்துனர் என் காதோரம் வந்து, "புழு ஒண்ணும் இல்ல வே. இருந்திருந்தாலும் இனி அது ஆருக்குத் தெரியும்?" என்றார்.

மாப்பிள்ளை அழைப்பு: பக்கோடா

மிளகாய்த்தூள் பிசறிச் சிவக்கப் பொரித்து வைத்தேன். சம்பந்தியின் அண்ணன், நெற்றி நிறையத் திருநீறு, ஒன்றைக் கடித்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "இது கோழிதான வே?" கோழி ருசி இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நமக்கு வாய் ஏது? ஓடிப்போய் இலையும் தண்டுமாக ஒரு முழுப் பூவைக் கொண்டுவந்து காட்டினேன். நெல்லையப்பர் மேல் சத்தியமும் பண்ணினேன்.

அந்தப் பூவின் தண்டைச் சிறுபருப்போடு கூட்டு வைத்து அப்புறம் நாங்கள் சாப்பிட்டோம். அசல் ருசியே தண்டில்தான். பந்திக்கு அது தெரியாது. நான் சத்தியம் பண்ணி முடிப்பதற்குள் அண்ணன்காரர் தட்டைக் காலி பண்ணியிருந்தார். "நம்புதேன் வே. நம்பாட்டாலும் இன்னும் ரெண்டு கேட்டிருப்பேன். பைய வையும்."

மறுவீடு: சொதி

எங்கள் பக்கம் மறுவீட்டுக்குச் சொதிதான். தேங்காய்ப்பாலில் காயை வேகவைத்து, கடைசியில் கெட்டிப்பால் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கி எலுமிச்சை பிழிவது. அதில் காலிபிளவரா! தலையெழுத்தே என்று, நெய்யில் வதக்கிய பூவைப் பேருக்குக் கொஞ்சம் சேர்த்து இறக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து வாத்தியார் வந்து, சம்பந்திக்குப் பிடிக்குமே என்று மீதிப் பூ அத்தனையையும் சொதியில் கொட்டி, பாத்திரத்தைத் திரும்ப அடுப்பில் ஏற்றிவிட்டார். பால் திரிந்துபோய் வாடை குப்பென்று தூக்கியது. வேறு வைக்க நேரமில்லை, பந்தி உட்கார்ந்தாச்சு.

சம்பந்தி ஒரு வாய் வைத்தார். "என்னவே இது, கொடல புரட்டுது!" என்று இலையை மூடினார். வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. நெய் பரிமாறிக்கொண்டிருந்த புதுப்பெண் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"மாமா, காலிபிளவர் கேட்டது நீங்க. ஒங்களுக்குப் பிடிக்குமேன்னு அப்பா கூடக் கொஞ்சம் போட்டுட்டாவ. இலையத் தொறந்து சாப்பிடுங்க."

சம்பந்தி அவளைப் பார்த்தார். பிறகு மூடிய இலையைப் பைய விரித்தார்.

"சாப்பிடுதேன் தாயி. இஞ்சிப் பச்சடி மட்டும் கொஞ்சம் கூட வையி."

மூன்று விருந்தாய் அந்தப் பெண்ணை நினைத்து வாத்தியாரும் நானும் பயந்து செத்தோம். பயப்பட வேண்டியவர் திசையன்விளைக்காரர்தான் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.